சுவருக்கு அப்பால் கேட்ட பாட்டு: கிரின்ஸ்டெட்டில் ஒரு சிப்டியூன் மாலை

மார்ச் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் கிரின்ஸ்டெட்டுக்குப் போய் வந்தேன். யூட்லாந்தின் நடுவில் இருக்கும் அந்தச் சின்னத் தொழிற்சாலை ஊருக்கு யாராவது ஊர் பார்க்கப் போவார்களா என்று கேட்பீர்கள். நானும் போயிருக்க மாட்டேன். கோல்டிங்கில் இருந்து நிரோஷா போன் எடுத்ததுதான் காரணம்.

நிரோஷா முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். வீட்டுக்கு வந்தால் சிப்டியூன்தான். பழைய கையடக்க வீடியோ விளையாட்டுக் கருவிக்குள் இருக்கும் சிப்பை வைத்தே இசையமைப்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஒரே நேரத்தில் நாலே நாலு ஒலிகள்தான் வரும். முழுப் பாட்டையும் அதற்குள் அடக்க வேண்டும். போன வருடம் இதைப் பற்றி இங்கே இரண்டு வரி எழுதியபோது, "இதெல்லாம் இன்னும் எத்தனை நாளைக்கு?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

"அக்கா, இந்த முறை அம்மாவும் வாறா," என்றாள் நிரோஷா. "ஒருக்கா முழுசா இருந்து கேக்கட்டும். அதுக்குப் பிறகும் வெறும் சத்தம் எண்டு சொன்னா, எல்லாத்தையும் வித்துப்போட்டு விடப்போறன். ஒரே வீட்டில இருந்துகொண்டு எத்தனை நாளைக்குச் சண்டை பிடிக்கிறது?"

நான் இருக்கும் விபோர்க்கில் இருந்து கோல்டிங் நூற்றுப் பத்துக் கிலோமீற்றர் வரும். காரில் ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து கிரின்ஸ்டெட் இன்னும் முக்கால் மணி நேரம். சனி மாலையில் பஸ்ஸை நம்பிப் போனால் திரும்பி வருவது உங்கள் பாடு.

நிரோஷாவின் அம்மா யோகம் அன்ரி வாசலிலேயே கோட்டோடு நின்றார். கையில் ஒரு பெட்டி நிறையப் பொரித்த ரோல்ஸ். காருக்குள் ஏறியதும் தொடங்கினார். "ரெண்டு வருசம் பிள்ளை! சுவருக்கு அங்கால கீக்கீ, கூக்கூ. ஒரு நாடகம் நிம்மதியாப் பாக்கேலாது." பின் சீட்டில் இருந்த நிரோஷா டேனிஷில் ஏதோ முணுமுணுத்தாள். மொழிபெயர்க்காமல் விடுகிறேன். பிறகு என்னிடம், "நேற்று பாட்டு இருக்கிற காட்ரிட்ஜுக்குப் புதுப் பற்றரி போட்டனான் அக்கா. பழசு மேடையில காலை வாரிடும் எண்டு பயம்," என்றாள். பொறுப்பான பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன்.

நிகழ்ச்சி ஊர் மண்டபத்தில், மாலை ஐந்து மணிக்கு. நுழைவு அறுபது குரோனர், கோப்பியும் கேக்கும் அதற்குள் அடக்கம். இருபது பேர் வந்திருந்தால் அதிகம். இவர்களிடம் எனக்குப் பிடித்துப்போன வழக்கம் ஒன்று உண்டு. வாசிப்பவரின் கருவித் திரையைச் சுவரில் பெரிதாகக் காட்டுவார்கள். நாலு ஒலிக்கும் நாலு நிரைகள், எண்களும் எழுத்துகளுமாகக் கீழே ஓடும். கூட்டம் பாட்டைக் கேட்டுக்கொண்டே அந்த நிரைகளைப் படிக்கவும் செய்யும். நல்ல இடம் வந்தால் ஒலிக்கு முன்பே சிரித்துவிடுவார்கள். இவ்வளவு கவனமாகக் கேட்கும் கூட்டத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

நிரோஷாவின் முறை வந்தது. கருவியை இயக்கினாள். சுவரில் நாலு வெறும் நிரைகள்.

முன் வரிசையில் இருந்த ஹென்ரிக் என்ற தொழிற்சாலைக்காரர்தான் எனக்கு விளங்கப்படுத்தினார். காட்ரிட்ஜில் பாட்டைத் தாங்கிப் பிடிப்பதே அந்தச் சின்னப் பற்றரிதான். பாட்டை முதலில் வேறெங்காவது பிரதி எடுக்காமல் பற்றரியைக் கழற்றினால் எல்லாம் அழிந்துவிடும். இந்தப் பைத்தியம் பிடித்த எல்லோரும் ஒருமுறையாவது செய்யும் பிழையாம். நிரோஷா அம்மாவின் பக்கமே திரும்பவில்லை.

அப்போது ஹென்ரிக் எழுந்து, அந்தப் பெரிய உடம்போடு, "தும், தும்தும்" என்று பாடினார். போன தடவை அவள் பாதியாய் வாசித்துக் காட்டிய பாட்டின் அடி ஒலி அது. அவருக்குப் பின்னால் ஒரு பெண் பல்லுக்குள் "ச்சக், ச்சக்" என்று தாளத்தைக் கொடுத்தார். இன்னொருவர் துணைச் சுரத்தை முனகினார். நிரோஷா கண்ணைத் துடைத்துவிட்டு ஒவ்வொன்றாய்ப் பதியத் தொடங்கினாள். சுவரில் நிரைகள் நிரம்பின. கோப்பி ஆறிப்போனதை யாரும் கவனிக்கவில்லை.

முதன்மைச் சுரத்தை அவளே போட்டாள். நடுவில் ஒரு திருப்பத்தில் நின்றுவிட்டாள். அந்த இடத்தை எத்தனையோ விதமாய் மாற்றி மாற்றிச் செய்தவள், கடைசியாய் வைத்தது எது என்று குழம்பிப்போனாள். ஒன்றைப் போட்டுப் பார்த்தாள்.

"உது பழசு!"

பின் வரிசையில், இன்னும் கோட்டைக் கழற்றாத யோகம் அன்ரி.

"மேல போகாது. கீழ இறங்கி வந்து ஒருக்கா நிண்டுதான் போகும். தைப்பொங்கலுக்குப் பிறகு மாத்தினனி எல்லே?" என்று அதட்டிவிட்டு, கோபம் மாறாத குரலிலேயே முனகிக் காட்டினார். ஒரு சுரம் பிசகவில்லை.

தமிழ் தெரியாத அந்தக் கூட்டத்துக்கு அது மட்டும் நன்றாய் விளங்கியது. எழுந்து நின்று கைதட்டினார்கள். நிரோஷா அம்மா சொன்னபடியே போட்டு, பாட்டை முழுவதும் வாசித்தாள். நான் அழுதேன், அதை எழுத எனக்கு வெட்கமில்லை.

திரும்பும் வழியில் அன்ரி மிஞ்சிய ரோல்ஸை எங்களுக்குப் பிரித்துத் தந்தார். "முடியிற இடம் கொஞ்சம் அவசரம். ஆறுதலா முடி," என்றார்.

"ஓம் அம்மா," என்றாள் நிரோஷா. தமிழில்.

போக நினைப்பவர்களுக்கு: காரில் போங்கள், அல்லது கோல்டிங்கில் இருந்து கார் உள்ள யாரையாவது பிடியுங்கள். நுழைவுக்குச் சில்லறைக் காசு வேண்டாம், போனிலேயே கட்டலாம். மண்டபம் குளிரும், கம்பளிச் சட்டை எடுங்கள். காதுக்குள் பஞ்சு தேவையில்லை. இந்த இசை பெருங்கூட்டத்துக்குப் போய்ச் சேருமா என்றால், சேராது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நாலு ஒலியையும் நாலு பேர் வாயில் வைத்திருக்கும் ஒன்று எளிதில் சாகாது. கேள்வி கேட்ட வாசகருக்கு என் பதில் அதுதான்.

கருவியை விற்கும் பேச்சு அதன்பின் வரவில்லை. நிரோஷா இப்போது அந்தப் பாட்டை மூன்று இடங்களில் பிரதி எடுத்து வைத்திருக்கிறாளாம். நாலாவது பிரதி சுவருக்கு அங்கால் இருந்து நாடகம் பார்க்கிறது.