விளக்குக்குப் பின்னால் கிடந்தது

சாரல் காலத்தில் தென்காசியில் வீடு வைத்திருப்பவளுக்குச் சொந்தக்காரர்கள் குறைவதே இல்லை. குற்றாலத்தில் லாட்ஜ் எடுக்க மனம் வராத அத்தனை பேரும் எங்கள் வீட்டில்தான் பையை இறக்குவார்கள். போன ஆடியில் கடையத்திலிருந்து என் கொழுந்தனும் அவர் மனைவியும் வந்து, இரண்டு நாள் அருவியில் ஆசைதீரக் குளித்துவிட்டு, அவசரமாகப் பஸ் ஏறினார்கள். அவளை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. மூன்று தரம் கூப்பிட்டால் ஒரு தரம் திரும்பிப் பார்ப்பாள். திமிர்.

மறுநாள் சாமி அலமாரியைத் துடைக்கும்போது, விளக்குக்குப் பின்னால் மஞ்சள் துணியில் பொதிந்து ஏதோ கிடந்தது. மொச்சைக்கொட்டை அளவு, தோல் நிறம். இரண்டு சிறு துளை, ஓரத்தில் நரம்பு மாதிரி ஒரு வால்.

என் வீட்டுக்காரர் உடனே படம் பிடித்து, தன்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். பத்தாம் வகுப்பில் பார்த்து எழுதிப் பாஸான கூட்டம் அது. அத்தனை பேரும் நிபுணர்களாகிவிட்டார்கள். ஒருவர் ரகசிய கேமரா என்றார். இன்னொருவர் வெளிநாட்டு விதை என்றும், தொட்டியில் ஊன்றிப் பார்க்கவும் சொன்னார். புளியங்குடி எலுமிச்சைக் கமிஷன் கடைக்காரருக்கோ சந்தேகமே இல்லை.

"செய்வினைதாம்லே! மஞ்சத் தண்ணியில உப்பப் போட்டு ஊற வை. பொறவு ஆத்துல விட்ரு" என்று குரல் பதிவு அனுப்பினார்.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். பி.எஸ்ஸி. படித்தவளாயிற்றே. சிரித்துக்கொண்டேதான் கிண்ணத்தில் மஞ்சளைக் கரைத்து, ஒரு கை கல்லுப்பை அள்ளிப் போட்டு, அதை உள்ளே விட்டேன். வைத்தது யார் என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. வந்து போனவள் அவள் ஒருத்திதானே. அடுத்த நாள் காலையில் சிற்றாற்றில் எறிந்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்தேன்.

அன்று மத்தியானமே அவள் தனியாக வந்து நின்றாள்.

"அக்கா, அருவியில நனைஞ்சிரக் கூடாதுன்னு காது மெஷினக் கழத்தி விளக்குக்குப் பின்னால வச்சேன். பாத்தீங்களா? எங்க அம்மா வாங்கித் தந்தது. எங்க வீட்டுக்காரவுகளுக்குக்கூடத் தெரியாது. அது இல்லாம எனக்கு ஒண்ணுமே வெளங்கலக்கா."

இவளைத் திமிர் பிடித்தவள் என்று சொந்தத்தில் ஒரு வீடு விடாமல் சொல்லி வைத்தவள் நான். கூசிப் போனேன். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

"இங்கன ஒண்ணும் கெடக்கலையே" என்றேன்.

அவளுக்குக் கேட்கவில்லை. என் உதட்டையே பார்த்தபடி, "என்னக்கா?" என்றாள்.

அதே பொய்யை இன்னொரு தரம், சத்தமாகச் சொன்னேன்.