நீலமும் மஞ்சளும் கலக்கும் தெரு

மார்லீஸ் சித்தியின் பெட்டிக்கடையில் மஞ்சள் மிட்டாய் கிடையாது. ஜெர்மனியில் இருக்கும் எங்கள் ஊர் கெல்சன்கிர்ஷன்; அதன் கால்பந்து அணியின் நிறம் நீலமும் வெள்ளையும். கிழக்கே இருக்கும் பரம எதிரி டார்ட்முண்டுக்கு மஞ்சளும் கறுப்பும். பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் சில்லறையை நீட்டிக் கலவைப் பொட்டலம் கேட்டால், சித்தி ஒவ்வொரு ஜாடியாகத் திறந்து காகிதப் பையை நிரப்புவாள். மஞ்சள் கேட்கிற பிள்ளைக்கு, "அது தின்னா காய்ச்சல் வரும்டா கண்ணு" என்று பதில்.

இப்படிப்பட்டவள் போயும் போயும் ஒரு டார்ட்முண்ட்காரரிடம் மனதைக் கொடுத்தாள். லோதார் பேருந்து ஓட்டுநர். அவருடைய வண்டியின் கடைசி நிறுத்தம் கடைக்கு எதிரே. வேலை முடிந்ததும் வந்து நின்று, "இன்னிக்காவது ஒரு மஞ்சள் உண்டா?" என்பார்.

"யோவ், இது மருந்துக்கடை இல்ல. வியாதிக்கு வேற இடம் பாரு."

"உங்க ஊர்ப் பேரையே மஞ்சள் பலகைலதான எழுதி வச்சிருக்காங்க, மார்லீஸ்?"

சித்தி சிரிப்பை அடக்கிக்கொண்டு பையை மடித்துக் கொடுப்பாள். மூன்று வருடம் இப்படியே ஓடியது. பிறகு லோதாருக்கு டார்ட்முண்டுக்கே வேலை மாற்றம் வந்தது. வசந்த காலத்தில் போகவேண்டும். சேர்ந்து வாழலாமா என்று கேட்டுவிட்டார். சித்திக்கும் ஆசைதான்.

"ஆனா காலைல திரையை விலக்கினா எதிர்வீட்டுல மஞ்சள் கொடி பறக்கும். எனக்கு எப்படி காபி இறங்கும்?" என்று என்னிடம் புலம்பினாள். லோதாரும் நீலக் கொடிகளுக்கு நடுவே தூக்கம் வராது என்றார்.

எங்கள் வீட்டில் பல்கலைக்கழகப் படி ஏறிய முதல் ஆள் நான். படிப்பது புவியியல். ரூர் வட்டாரத்தில் ஐம்பதுக்கு மேற்பட்ட ஊர்கள், ஐம்பது லட்சம் மக்கள். ஒரு ஊர் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று பலகையைப் பார்த்தால்தான் தெரியும். அந்த எல்லைகளைப் பற்றித்தான் ஆய்வு எழுதிக்கொண்டிருந்தேன். இதைப் படித்து என்ன வேலைக்குப் போவாய் என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். இந்தப் படிப்பு யாருக்காவது உதவுமா என்ற கேள்வி எனக்குள்ளும் இருந்தது.

அரசாங்க வரைபடம் சொல்லும் எல்லையை இங்கே யாரும் மதிப்பதில்லை. வீட்டுத் தோட்டங்களில் பறக்கும் அணிக் கொடிகளைத்தான் மதிக்கிறார்கள். அதனால் நான் சைக்கிளில் தெருத்தெருவாகப் போய் எங்கே எந்தக் கொடி என்று என் வரைபடத்தில் நீலப் பென்சிலாலும் மஞ்சள் பென்சிலாலும் குறித்துவந்தேன். இரண்டு ஊருக்கும் இடையில் இருக்கும் ஹெர்னே நகரில் சில தெருக்கள் இரண்டு நிறமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து பச்சையாகிவிட்டன.

ஞாயிற்றுக்கிழமை சித்தியையும் லோதாரையும் சைக்கிளில் கிழக்கே கிளப்பினேன்.

வழியெல்லாம் சித்தி நீலக் கொடிகளுக்குக் கையசைத்தாள். கால்வாய்ப் பாலம் தாண்டியதும் முதல் மஞ்சள் தென்பட்டது. லோதார் மணியடித்தார். "ஆஹா, நல்ல காத்து வருது!"

"குப்பை வண்டி போயிருக்கும்" என்றாள் சித்தி.

பச்சைத் தெருக்களில் ஒன்றில் நின்றோம். ஒரே கட்டடம். கீழ்மாடியில் நீலக் கொடி, மேல்மாடியில் மஞ்சள் கொடி. துணி காயப்போடும் பொதுக் கயிற்றில் இரண்டு அணிச் சட்டைகளும் தோளோடு தோள் உரசிக் காய்ந்தன. துணி எடுத்துக்கொண்டிருந்த பெண்ணிடம் சித்தி கேட்டாள்:

"ஏம்மா, சண்டை வராதா?"

"வருஷத்துல ரெண்டு நாள் வரும், ரெண்டு அணியும் மோதுற அன்னைக்கு. அன்னைக்குப் படிக்கட்டுல பேச்சு கிடையாது. மறுநாள் தோத்தவங்க வீட்டுக்கு ஜெயிச்சவங்க கேக் செஞ்சு கொண்டுபோகணும்."

"அப்போ எப்பவும் நாங்கதான் கேக் செய்யணும் போலிருக்கே!" என்றார் லோதார்.

"கனவு காணு" என்றாள் சித்தி. ஆனால் அவள் கண் நடுமாடியின் வெறும் ஜன்னலில் நின்றுவிட்டது. வாடகைக்கு என்ற அட்டை அங்கே தொங்கியது. திரும்பும் வழியில் எந்தக் கொடிக்கும் அவள் கையசைக்கவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

மறுநாள் நான் கடையில் இருந்தேன். லோதார் வந்து நின்றார். வழக்கம்போல மஞ்சள் கேட்காமல், "ஒரு கலவைப் பொட்டலம்" என்றார். சித்தி கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு புது ஜாடியை எடுத்தாள். எலுமிச்சை மிட்டாய். பொட்டலத்தில் ஒன்றே ஒன்று போட்டு நீட்டினாள்.

"அந்த நடுமாடி ஜன்னல்ல இடது பக்கம் என் நீலக் கொடிக்கு. கேக் நான்தான் செய்யப்போறேன், இப்பவே சாப்பிடக் கத்துக்க."

லோதார் மிட்டாயை வாயில் போட்டார்.

"காய்ச்சல் வருதா?" என்று கேட்டாள் சித்தி.

"வந்து மூணு வருஷம் ஆச்சு" என்றார்.