புதுச்சேரியைப் பிடித்த பேச்சு

14 ஜூன் 2025, சனிக்கிழமை, காலை பத்து இருபது. பன்னிரண்டு பாகை வெப்பம், மேற்கிலிருந்து காற்று, சாய்வாக மழை. நான் குடியேறிய தென்கோள நகரத்தின் மேற்கில், ஹென்டர்சனில், தமிழ் முதியோர் கூடும் மண்டபத்தில் இருபத்துமூன்று பேர் இருந்தோம். அன்றைய பத்து நிமிடப் பேச்சு என்னுடையது: ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் நடத்திய போர்கள்.

முன்வரிசையில் என் நண்பர். புதுச்சேரிக்காரர். ஒன்பது வருடமாகச் சனிக்கிழமைகளில் நகரின் மறுகோடியில் நான் இருக்கும் ஈஸ்ட் டாமாக்கிக்கு வந்து என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு போகிறவர். மனைவி இறந்தபின், நான் வாய் நிறையத் தமிழ் கதைப்பது அந்தக் காருக்குள் மட்டும்தான்.

எட்டுப் பக்கம் குறிப்பு எழுதியிருந்தேன். 1782இல் என் ஊரான திருகோணமலையை ஜனவரியில் ஆங்கிலேயர் பிடித்தார்கள், ஆகஸ்டில் பிரெஞ்சுக்காரர் பிடித்தார்கள். ஊராரை யாரும் கேட்கவில்லை. அக்கரையில் புதுச்சேரிப் பக்கமும் அப்படித்தான். இரண்டு பக்கத்துக்கும் கூலிக்குத் துப்பாக்கி தூக்கியதில் நம் ஆட்களே அதிகம். எரிந்த வயலும் நம்முடையது. இதெல்லாம் ஆறாம் பக்கத்தில் இருந்தது. நான்காம் பக்கத்திலேயே எல்லாம் கெட்டது.

"புதுச்சேரியை நாங்கள் நாலு தரம் பிடிச்சம். முதல் தரம் ஒரு சுவர் விடாமல் இடிச்சம்" என்றேன். குரலில் பெருமை இருந்தது. ஆங்கிலேயரின் வெற்றிகளை ஆண்டு வரிசையில் ஒப்பித்துக் கல்லூரியில் பரிசு வாங்கி, பின்பு வாத்தியாரானவன் நான். அறுபத்தைந்து வருடமாகியும் அந்த நஞ்சு இறங்கவில்லை.

நண்பர் எழுந்தார். "நாங்கன்னா யாரு மாஸ்டர்? நீங்க எந்தப் பீரங்கி பக்கத்துல நின்னீங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு உட்கார்ந்திருக்கலாம்.

"பிரெஞ்சுக்காரன்ர பென்ஷனில வளந்த ஆள் என்னைக் கேக்கிறார்!"

"ஆமா, எங்கப்பா சொல்தாதான், பிரெஞ்சு சிப்பாய். அவங்க பட்டாளத்துல சேந்து, இந்தோசீனாவுல ஒரு காலை விட்டுட்டு வந்தாரு. அந்தக் காலுக்குத்தான் பென்ஷன்."

"தோக்கிற பக்கமாப் பாத்துச் சேந்திருக்கிறார்" என்றேன்.

ஏழு பேர் கைதட்டினார்கள். எண்ணினேன். எல்லாரும் என் நாட்டவர், படித்தவர்கள். பல் தெரியச் சிரித்த அந்த முகங்களைப் பார்க்க அருவருப்பாக இருந்தது. அந்தச் சிரிப்புக்காகத்தான் ஒரு மனிதனின் போன காலை மேடைக்கு இழுத்தேன் என்பது அதைவிட அருவருப்பு.

மீதி நான்கு பக்கத்தை வாசிக்காமல், வெளியேறிய நண்பரின் பின்னால் ஓடினேன். காரின் கதவைத் திறந்தபடி மழையில் நின்றார்.

"ஏறுங்கன்னு சொல்ல வாய் வரல மாஸ்டர்" என்றார். போய்விட்டார்.

கைதட்டியவர்களில் ஒருவர் என்னை வீட்டில் இறக்கிவிட்டார். "நல்லாக் குடுத்தியள், ஐயா" என்று வழியில் மூன்று தரம் சொன்னார். இறங்கும்போது அவருக்கு நன்றி சொன்னேன்.

அடுத்த மூன்று சனிக்கிழமையும் உடுத்திக்கொண்டு வாசலில் நின்றேன். ஐந்து தரம் தொலைபேசி எடுத்தேன், பதில் இல்லை. நான்காவது சனிக்கிழமை, எல்லார் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்பதென்று டாக்சி பிடித்து மண்டபத்துக்குப் போனேன். அவர் வரவில்லை. இனி வரமாட்டாராம்.

டாக்சிக்குப் போக வர நூற்றுத் தொண்ணூற்றிரண்டு டாலர் நாற்பது சதம்.