பன்னும் பொறையும்: ஓடிப் பார்த்த கதை

1. ஐந்தாம் நம்பர் கால்

என் கால் அளவு சரியாக ஐந்து. இடதும் வலதும் ஒரே நீளம், ஒரே அகலம். ஆணி இல்லை, வெடிப்பு இல்லை. இதை ஒரு தகுதி என்று நான் நினைத்ததே கிடையாது. ஷூ கம்பெனியில் பதினான்கு வருடம் ஸ்டிச்சிங் லைனில் உட்கார்ந்து யார் யார் காலுக்கோ அப்பர் தைத்தேன். அப்பர் என்றால் ஷூவின் மேல்பாகம். என் காலில் அப்போதெல்லாம் ரப்பர் செருப்புதான்.

ஒரு மாசி மாதக் காலையில் சாம்பிள் ரூம் ரஃபீக் சார் எங்கள் லைனுக்கு வந்தார். ஆம்பூர்க்காரர். முப்பது வருடமாக ஷூவோடு பழகியதில் ஆளின் முகத்தைப் பார்க்கும் முன்பு காலைப் பார்க்கும் பழக்கம் அவருக்கு வந்திருந்தது. அன்றைக்குக் கையில் அளவுப் பலகையோடு வந்து நாற்பது பேர் காலையும் அளந்தார். என் காலை மட்டும் இரண்டு தடவை அளந்தார்.

"உன் பேரு இன்னாம்மா?"

"பிலோமினா சார்."

"ஓடுவியா?"

"எங்க சார்?"

"எங்கனா ஓடு. தினம் அஞ்சு கிலோமீட்டர்."

விளையாட்டுக்குக் கேட்கிறார் என்றுதான் நினைத்தேன். இல்லை. அதுவரை எங்கள் கம்பெனி வெளிநாட்டு ஆர்டர் மட்டுமே செய்துகொண்டிருந்தது. முதல் தடவையாகச் சொந்தப் பெயரில் பெண்களுக்கு ஒரு ரன்னிங் ஷூ கொண்டுவரப் போகிறார்கள். தினமும் ஓடுகிறவர்களுக்கான ஷூ. இரண்டு சாம்பிள் தயார். இரண்டில் ஒன்றுதான் புரொடக்‌ஷனுக்குப் போகும். எது என்று முடிவு செய்ய வேர் டிரையல், அதாவது போட்டு ஓடிப் பார்க்க ஒரு ஆள் வேண்டும். சாம்பிள் எப்போதும் ஐந்தாம் நம்பரில்தான் செய்வார்கள். அதனால்தான் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

"எனக்கு ஓடத் தெரியாதே சார்."

"ஓடத் தெரிஞ்சவங்க எதைப் போட்டாலும் சமாளிச்சுக்குவாங்க. தெரியாத கால்தாம்மா எனக்கு வேணும்."

முதல் ஷூவின் அடிப்பாகம் இரண்டு விரல் தடிமன். கட்டைவிரலால் அமுக்கினால் உள்ளே போய் மெதுவாக எழும். இரண்டாவதிலும் குஷன் உண்டு, ஆனால் ஒரு விரல் குறைவு. அமுக்கினால் கொஞ்சம்தான் கொடுக்கும். டீ நேரத்தில் எங்கள் லைன் பெண்கள் இரண்டையும் வாங்கிப் பார்த்துவிட்டு, முன்னதற்குப் பன் என்றும் பின்னதற்குப் பொறை என்றும் பெயர் வைத்தார்கள். டீயில் தொட்டுத் தின்கிற அதே பொறைதான். சாம்பிள் அட்டையில் நீளமாக ஏதோ நம்பர் இருந்தது. ஒரு வாரத்தில் ரஃபீக் சாரும் பன், பொறை என்றே சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

திங்கள் பன், செவ்வாய் பொறை என்று மாற்றி மாற்றி ஓட வேண்டும். ஞாயிறு லீவு. ஓடி முடித்ததும் கால் என்ன சொல்கிறது என்று நோட்டில் எழுத வேண்டும். பத்து வாரம். எனக்கு மட்டும் ஷிஃப்ட் ஒரு மணி நேரம் தள்ளி.

2. துரத்துவது யார்?

உத்திரமேரூரில் காலை ஆறு மணிக்கு முப்பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி சுடிதாரும் புது ஷூவுமாக ரோட்டில் ஓடினால் என்ன ஆகும் என்பது எனக்கு முதல் நாளே தெரிந்துபோயிற்று.

"இன்னா பிலோ, பஸ்ஸ வுட்டுட்டியா?" என்றார் டீக்கடைக்காரர்.

திரும்பி வரும்போது, "யாராவது தொரத்துறானா?" என்றார். மூன்றாம் நாள் குரலைத் தாழ்த்தி, "வூட்ல எதுனா சண்டையா?" என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் ஆரோக்கியம் ரைஸ் மில்லில் வேலை செய்கிறார். அவரிடம் போய்ச் சொன்னேன். "கம்பெனி வேலைன்னா எவன் நம்புவான்? ஷுகர் கீது, டாக்டர் ஓடச் சொன்னாருன்னு சொல்லிடு," என்றார். அப்படியே சொன்னேன். அதற்கப்புறம் யாரும் கேலி செய்யவில்லை. ஆனால் ஒரு வாரத்துக்குள் வீட்டுக்கு மூன்று பேர் வெந்தயம் கொடுத்தனுப்பினார்கள். எதிர்வீட்டு அக்கா தினமும் ஒரு டம்ளர் பாகற்காய் ஜூஸ் கொண்டுவந்து, நான் குடித்து முடிக்கும்வரை நின்று பார்த்துவிட்டுப் போவாள். வேர் டிரையலில் மிகக் கடினமான பகுதி எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

முதல் வாரம் கல்வெர்ட் வரை ஓடுவேன், மூச்சு வாங்கும், நடப்பேன். மூன்றாவது வாரத்தில் புக்கத்துறை ரோட்டில் கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, ஏரிக்கரை ஏறி, அதன் கடைசிவரை நிற்காமல் ஓட முடிந்தது. என்னாலேயே நம்ப முடியவில்லை. பதினான்கு வருடமாக மெஷின் முன்னால் உட்கார்ந்த உடம்பு அது. கரையில் காற்று முகத்தில் அடிக்கும்போது யாரையாவது கூப்பிட்டு, 'பாரு, ஓடறேன்' என்று சொல்ல வேண்டும்போல இருக்கும். அங்கே கொக்குகள்தான் இருக்கும்.

ஷூ விஷயத்தில் சந்தேகமே இல்லை. பன் சொர்க்கம். பொறையைப் போட்டால் ரோட்டிலுள்ள ஜல்லி ஒவ்வொன்றும் தெரிந்தது. வலது சுண்டுவிரலில் கொப்புளம் வேறு. நோட்டில் இப்படி எழுதியிருக்கிறேன்: "பன்: மெத்தை மேல் ஓடுவது போல். முழங்கால் வலியே இல்லை. மிக நன்று. பொறை: கொப்புளம். சுகமில்லை." மூன்று வாரமும் இதே கதைதான்.

3. கஸ்தூரி

பக்கத்து மெஷினில் பதினான்கு வருடம் என்னோடு உட்கார்ந்தவள் கஸ்தூரி. நான் யோசிக்காத ஒன்றை அவள் முதல் நாளே யோசித்துவிட்டாள்.

பன்னின் அப்பர் ஒரே பின்னல். மெஷினிலிருந்து சாக்ஸ் மாதிரி முழுசாக வந்துவிடும், தையலே கிடையாது. பொறைக்குப் பதினோரு துண்டு, பதினொன்றையும் தைத்துச் சேர்க்க வேண்டும். கையில் இருந்த வெளிநாட்டு ஆர்டர் ஆடி மாதத்தோடு முடிகிறது. பன் தேர்வானால் எங்கள் லைனுக்கு வேலை இல்லை.

கேன்டீனில் என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போனாள்.

"பொறைதான் நல்லா கீதுன்னு எழுதுடி."

"கால் கொப்புளமா கீது கஸ்தூரி."

"கொப்புளம் நாலு நாள்ல ஆறிடும். லைன மூடிட்டா எங்க கதி இன்னா? நாப்பது பேருடி. நீயும் அதுல ஒருத்திதான், மறந்துடாத."

அன்று சாயங்காலம் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மூன்று வாரப் பக்கங்களைக் கிழித்துவிட்டு வேறு மாதிரி எழுதியிருக்கலாம். ஆனால் எல்லாப் பக்கத்துக்கும் ரஃபீக் சார் சிவப்பு மையில் நம்பர் போட்டுத்தான் கொடுத்திருந்தார். அது ஒரு காரணம், மறைக்கவில்லை. இன்னொன்று, எங்கோ ஒருத்தி என் எழுத்தை நம்பி அந்த ஷூவைப் போட்டுக்கொண்டு ஓடப்போகிறாள் என்ற நினைப்பு வந்தது. என்னைப் போலவே புதிதாக ஓட ஆரம்பிக்கிறவளாக இருப்பாள்.

மறுநாள் கஸ்தூரியிடம், "கால் சொல்றதத்தான் எழுதுவேன்," என்றேன்.

"எழுதிக்கோ. நல்லா எழுது," என்றாள். அன்றிலிருந்து கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து சீட் காலி.

4. ஆறாவது வாரம்

பங்குனி பாதியில் பன் மாறியது. முதலில் என் கால்தான் களைத்துவிட்டது என்று நினைத்தேன். பன் போட்ட நாளெல்லாம் சாயங்காலம் கெண்டைக்கால் கடுத்தது. பொறை போட்ட நாளில் இல்லை. ரோடு ஓரம் சரிவாக இருக்கும் இடத்தில் பன் வெளிப்பக்கமாகச் சாய்ந்தது. வெயில் ஏறிவிட்டால் இன்னும் மோசம், மிதித்தால் அமுங்கும், அமுங்கினது எழுந்து வராது. பொறை கொடுத்த கொப்புளம் எப்போதோ ஆறிப்போயிருந்தது. ஒரு நாள் கரையின் கடைசிக்கு வந்து நின்றபோதுதான், இன்று காலில் எதைப் போட்டிருக்கிறேன் என்று குனிந்து பார்த்தேன். பொறை. அதுவரை ஷூ நினைவுக்கே வரவில்லை. அதையும் எழுதினேன்.

அடுத்த நாள் பன். கரையில் சரளை கொட்டியிருந்த இடத்தில் இடது கால் வெளியே மடங்கியது. உருண்டு போய் வேலிக்காத்தான் முள்ளில் விழுந்தேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மா ஓடிவந்து தூக்கிவிட்டு, "ஷுகர் காலாச்சேம்மா, காயம் படாம பாத்துக்கோ," என்று கவலைப்பட்டாள்.

கணுக்கால் வீங்கி இரண்டு நாள் லீவு. மூன்றாம் நாள் நோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கடைசி வரி: "தினசரி ஓட்டத்துக்குப் பன் வேண்டாம். பொறை."

ரஃபீக் சார் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஸ்டிச்சிங் லைன்ல உங்கிட்ட யாரு பேசினது?"

"பேசினாங்க சார். அதுக்காக நான் எழுதல."

"எம்.டி. கேப்பாரும்மா. அஞ்சு வாரம் பன்னு சொர்க்கம், ஆறாவது வாரம் பொறை எப்படி நல்லதாச்சுன்னு? நான் இன்னா சொல்றது?"

அழுகை வந்துவிட்டது. கோபத்தில் வந்த அழுகை. வேலைக்காகப் பொய் சொல்லச் சொன்னவளிடமும் கெட்ட பெயர், சொல்ல மாட்டேன் என்றதற்கு இங்கேயும் கெட்ட பெயர்.

"நான் சொல்றத நம்ப வேணாம் சார். நீங்களே வந்து பாருங்க," என்றேன்.

5. மொபெட்டில் ரஃபீக் சார்

வீக்கம் வடிந்ததும் சொன்னபடி வந்துவிட்டார். காலை ஆறு மணிக்கு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில். என் வீட்டுக்காரர் மொபெட்டை ஓட்ட, சார் பின்னால் உட்கார்ந்து, ஒரு கையால் சீட்டைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் போனைத் தரையோடு தரையாக நீட்டி என் குதிகாலை வீடியோ எடுத்தார். இடது காலில் பன், வலது காலில் பொறை. ஒரு விரல் உயர வித்தியாசத்தில் நான் விந்தி விந்தி ஓடினேன்.

டீக்கடைக்காரர் டம்ளரோடு வெளியே வந்துவிட்டார். "இன்னா பிலோ, ஜோடி மாத்திப் போட்டுக்கினு வந்துட்டியே!"

"மெதுவாப்பா, மெதுவா!" என்று சார் கத்தினார்.

"இதுக்கு மேல மெதுவா போனா வண்டி வுழுந்துடும் சார்," என்றார் என் வீட்டுக்காரர்.

கரையில் போய்த் திரும்பியதும் சார் கால் மாற்றிப் போடச் சொன்னார். வலதில் பன், இடதில் பொறை. "குத்தம் காலு மேலயா, ஷூ மேலயான்னு தெரியணும்," என்றார். மறுபடி ஓடினேன். மறுபடி எடுத்தார். வெள்ளைச் சட்டை செம்மண் நிறத்துக்கு வந்திருந்தது.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தோம். எந்தக் காலில் பன் இருந்தாலும் அந்தக் குதிகால் ஒவ்வொரு அடிக்கும் வெளியே சாய்ந்தது. பொறை போட்ட கால் நேராக நின்றது. சார் நான்கு தடவை பார்த்தார். டீ ஆடை கட்டிப்போனது. அதை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

கம்பெனிக்குப் போனதும் இரண்டு ஜோடியையும் பேண்ட் சா என்கிற ரம்ப மெஷினுக்கு எடுத்துப் போனார். கூடவே போடாத புது பன், புது பொறை. நான்கையும் குதிகாலில் குறுக்கே அறுத்தார். என் பொறையை மெஷினில் வைத்தபோது, "அத எதுக்கு சார்?" என்று என்னையறியாமல் கையைப் பிடித்துவிட்டேன். "ரெண்டையும் அறுத்தாதான்மா ரிப்போர்ட்டு," என்றார். பழைய பன்னின் ஃபோம் வெளிப்பக்கம் நசுங்கிச் சுருக்கம் விழுந்து கிடந்தது. புதியதோடு வைத்துப் பார்த்தால் அரை விரல் குறைவு. பொறையில் பழையது எது, புதியது எது என்று ஃபோமைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. மேலே ஒட்டியிருந்த செம்மண்தான் அடையாளம்.

எம்.டி. ரூமுக்கு என்னையும் கூட்டிப் போனார். எம்.டி. கேட்ட முதல் கேள்வி: "இவங்க ஸ்டிச்சிங் ஆள்தானே?"

ரஃபீக் சார் நோட்டின் மூன்றாம் பக்கத்தைப் பிரித்து வைத்தார். "படிங்க சார். பொறைய ஜெயிக்க வைக்கணும்னு நெனச்சவங்க இப்படியா எழுதுவாங்க?"

எம்.டி. பக்கம் பக்கமாகப் படித்தார். பிறகு என்னைப் பார்த்து, "கடையில போட்டுப் பாக்கறவங்க பன்னத்தானேம்மா எடுப்பாங்க?" என்றார்.

"ஆமா சார், பன்னத்தான் எடுப்பாங்க. ரெண்டு மாசம் கழிச்சு நம்ம பேரச் சொல்லித் திட்டுவாங்க."

சிரித்துவிட்டு, அறுத்த துண்டுகளை மறுபடி கையில் எடுத்தார்.

6. கடைசியில்

பொறை லைனுக்கு வந்தது. என் கொப்புளத்தைப் பார்த்து முன்பக்கத்தை அகலப்படுத்தியிருந்தார்கள். நாற்பது மெஷினும் ஓடியது. பன்னையும் தூக்கிப் போடவில்லை. ஃபோமை இறுக்கி, நடப்பதற்கும் நின்று வேலை செய்வதற்குமான ஷூவாக அடுத்த வருடம் கொண்டுவந்தார்கள். ரஃபீக் சார் இப்போது வாக்கிங் போவது அதில்தான்.

முடிவு தெரிந்த அன்று பஸ்ஸில் கஸ்தூரி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "எங்களுக்கோசரம் கால ஒடச்சிக்கினியேடி," என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்லடி, நெஜமாவே பொறைதான் நல்லா இருந்துச்சு."

"எங்கிட்டயே மறைக்கிறியா?" என்று கண்ணடித்தாள். பிறகு எழுந்து நின்று பஸ் முழுக்கச் சொன்னாள். எல்லோரும் கைதட்டினார்கள். இரண்டு தடவை மறுத்துப் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன். எம்.டி.யை நம்ப வைக்க முடிந்த என்னால் இன்றுவரை கஸ்தூரியை நம்ப வைக்க முடியவில்லை.

அதன்பின் நான் சாம்பிள் ரூமுக்கே வந்துவிட்டேன். புதிதாக டிரையலுக்கு வரும் பெண்களிடம் நான் சொல்வது இதுதான். கடையில் பத்து அடி நடந்தால் மெத்தென்று இருப்பதுதான் பிடிக்கும். தினமும் ஓடப்போகிறீர்கள் என்றால், நீங்கள் ஓடுகிற ரோட்டில், நீங்கள் ஓடுகிற வெயிலில், அது எத்தனை நாள் அப்படியே இருக்கிறது என்று பாருங்கள். கால் அன்றைக்குச் சொன்னதை அன்றைக்கே எழுதுங்கள். பின்னால் மனசு மாறினால் புதுப் பக்கத்தில் எழுதுங்கள், பழைய பக்கத்தை அடிக்காதீர்கள். நான் தப்பாகச் சொன்ன முதல் ஐந்து வாரம்தான் நான் சரியாகச் சொன்னதை நம்ப வைத்தது.

என் மேஜை மேல் இப்போது ஒரு புது சாம்பிள் இருக்கிறது. ஐந்தாம் நம்பர், வெளிர்பச்சை. காலை விட்டதும் அப்படி ஒரு சுகம். எப்படி இருக்கிறது என்று காலையிலிருந்து மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஆறு வாரம் கழித்து வாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.