பூண்டு ஊறுகாய் என்று சொல்லிவிட்டேன்

மணிலா சிநேகிதி சொல்லித்தந்த பன்றிக்கறி அடோபோவை இன்று ஸ்லோ குக்கரில் வைத்தேன். பிரஷர் குக்கர் என்றால் நாலு விசிலில் முடிந்திருக்கும். இதுவோ காலையிலிருந்து மாடிப்படி வரை வினிகரும் பூண்டுமாக மணந்தது.

சைவம் என்று சொல்லித்தான் அல்சூரில் இந்த வீட்டையே பிடித்தேன்.

வீட்டுக்கார ஆன்ட்டி கதவைத் தட்டினார்.

"என்னம்மா, பூண்டு ஊறுகாயா?"

"ஆமா ஆன்ட்டி."

"அங்கிளுக்கு ஜுரம் வந்து வாயெல்லாம் கசக்குதாம். கொஞ்சம் கொடேன்."

'ஆறட்டும், கொண்டு வரேன்' என்று சொல்லிவிட்டுக் கடைக்கு ஓடினேன். பாட்டில் ஊறுகாயைக் கிண்ணத்துக்கு மாற்றிக் கொடுத்தேன்.

சாயங்காலம் அந்தக் கிண்ணம் நிறைய கேசரியோடு வந்தார்.

"ரெண்டு வாய் கூடவே சாப்பிட்டாரும்மா. அடுத்த தடவை போடறப்ப கூப்பிடு, பக்கத்துல நின்னு கத்துக்கறேன்."

அடோபோ நன்றாகவே இறங்கியது. கேசரிதான் தொண்டையில் நிற்கிறது.

உங்களில் யாருக்காவது பூண்டு ஊறுகாய் போடத் தெரியுமா?