குண்டு விழுந்த கடைவீதிக்கு ஆழ்வார்பேட்டை வரைபடம்

வீட்டுக்கு வரைபடம் போடுகிறவனுக்குச் சமையலறையில்தான் சண்டை வரும். ஊருக்கு வரைபடம் போடுகிறவனிடம் ஊரே சண்டைக்கு வரும். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து முதுகைத் தொலைத்த சகாக்களே, உங்களுக்குச் சொன்னால் புரியும்.

ஆழ்வார்பேட்டையில் எங்கள் அலுவலகம். தி.நகர் ஜவுளிக் கடைகளுக்கு வரைந்துகொண்டிருந்த எங்களுக்கு, கடல் தாண்டி ஒரு வேலை வந்தது. குண்டு போட்டுத் தரைமட்டமாக்கிய ஒரு ஊரின் நடுக் கடைவீதியைத் திரும்பக் கட்ட வேண்டும். ஊர் பெயரைச் சொல்லமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பழைய கடைக்காரர்கள் வரைபடத்தை ஒப்புக்கொண்டால் கடைகள் அவர்களுக்கே. இல்லாவிட்டால் இடம் மால் கட்டுகிறவர்களுக்குப் போய்விடும்.

ஸ்கேல் வைத்த ஊர்

முதல் படத்தில் என் திறமை முழுவதையும் கொட்டினேன். நேரான சாலை, நடுவில் நீரூற்று, இரு பக்கமும் ஒரே அளவில் மரங்கள். மரங்களுக்கு நிழல்கூடப் போட்டேன்.

வீடியோ காலில் கடைக்காரர்கள் சங்கத் தலைவி சல்மா வந்தார். துணிக்கடை வைத்திருந்தவர். அவர் பேசுவதை அவர்கள் பக்கத்து ஆள் ஆங்கிலத்தில் சொல்வார். நான் மனதுக்குள் தமிழாக்கிக்கொள்வேன். வெகுநேரம் படத்தைப் பார்த்தார். பாராட்டு வருகிறது என்று காலரைச் சரிசெய்துகொண்டேன். "ரொம்ப அழகான ஊர். எங்க ஊரை எங்கே வெச்சிருக்கீங்க?"

டேப்பும் பூக்காரம்மாவும்

எங்கள் முதலாளி பத்மா மேடம் கோபப்படவில்லை. கூட்டம் நெரிந்தாலும் வியாபாரம் நடக்கிற தெரு எப்படி இருக்கும் என்று பார்த்துவரச் சொல்லி, என்னையும் அன்வரையும் தி.நகர் ரங்கநாதன் தெருவுக்கு அனுப்பினார். அன்வர் திருவல்லிக்கேணிக்காரன், பக்கத்து நாற்காலிக்காரன்.

தீபாவளிக் கூட்டத்தில் அளக்கிற டேப்பை விரித்தோம். அது ஒருவர் பைக்குள் போய் இன்னொருவர் புடவையில் மாட்டிக்கொண்டது. கடையை அப்புறப்படுத்த வந்தவர்கள் என்று நினைத்து ஒரு பூக்காரம்மா கூடையைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். விஷயத்தை அன்வர் பொறுமையாக விளக்கினான். அம்மா கூடையை இறக்கிவைத்தார். "அளந்துக்கினு போ நைனா. ஆனா போவசொல்ல எங்க தெருவ இங்கியே வுட்டுட்டுப் போ."

வடகிழக்கு மூலை

அந்தத் தெரு கொடுத்த தைரியத்தில், வளைவும் நெரிசலுமாக இரண்டாவது படம் போட்டேன். ஒரு கடையை வரைந்து நூற்றுக்கும் மேல் நகலெடுத்து அடுக்கினேன். தி.நகர் கடை என்றால் வடகிழக்கு மூலையில் சாமி படத்துக்கு ஒரு மாடம் வைத்தே பழகிய கை. அந்த ஊர்க் கடைகளிலும் வைத்துவிட்டது. மசூதிக்குப் பக்கத்தில் வளர்ந்த அன்வர்தான் படத்தைச் சரிபார்த்தான். அவனுக்கும் அதே பழக்கம். தப்பு கண்ணில் படவே இல்லை.

அடுத்த வீடியோ காலில் சல்மாதான் கேட்டார், எல்லாக் கடையிலும் சுவரில் இந்தக் குழி எதற்கு என்று. பத்மா மேடம் என்னைப் பார்த்தார், நான் அன்வரைப் பார்த்தேன், அவன் மின்விசிறியைப் பார்த்தான். வேலை போயிற்று, அவர்கள் கடைவீதியும் போயிற்று என்றே நினைத்தேன். உண்மையைச் சொல்லி, உடனே அழித்துவிடுகிறேன் என்றேன். அந்தப் பக்கம் அவர்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள். கடைசியில் சல்மா சொன்னதைத் தமிழாக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. "அழிக்காதீங்க. குண்டு விழுந்தப்ப என் வீட்டுக்காரர் கடையிலதான் இருந்தார். அவர் படத்தை எங்கே வைக்கிறதுன்னு தெரியாம இருந்தேன்."

திறப்பு விழா

எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். கடைகள் எழுந்தன. திறப்பு நாளன்று சல்மா போனைத் தூக்கிக்கொண்டு நடந்து எங்களுக்கு வீதி முழுவதையும் காட்டினார். அவர் கடை மாடத்தில் மீசைவைத்த ஒருவர் சிரித்துக்கொண்டிருந்தார். அடுத்த கடையில் இரண்டு சின்னப் பிள்ளைகளின் படம். அதற்கடுத்த கடைக்காரர் மாடத்தில் டீ கெட்டிலை வைத்திருந்தார். அவருக்குக் கடவுள் புண்ணியத்தில் எல்லோரும் உயிரோடு இருக்கிறார்களாம். எனக்குக் கண் கலங்கியது, கூடவே சிரிப்பும் வந்தது.

நான் ஆசையாகப் பூச்செடிகளுக்கு ஒதுக்கிய இடத்தில் ஒருவர் போர்வை விரித்து, கூவிக் கூவி சாக்ஸ் விற்றுக்கொண்டிருந்தார். அன்வர் என் தோளைத் தட்டினான். "மச்சி, தி.நகர் வந்துடுச்சு. இனிமே அந்த ஊருக்கு ஒண்ணும் ஆவாது."

இத்தனை வருஷ வேலையில் வாடிக்கையாளர் அழிக்க வேண்டாம் என்று சொன்ன ஒரே கோடு நான் தப்பாகப் போட்டதுதான் என்பதால், சரியாகப் போட்டவற்றைப் பற்றி நான் இப்போது வாயைத் திறப்பதில்லை.