லஸ்ஹரை எம்.பி. கொன்ற வாரம்

மப்ரூக்கா ஃபிரிட்ஜ் பழுது பார்ப்பவள். எங்கள் பாலைவன ஊரான கஃப்ஸாவில் வெயில் ஏறிவிட்டால் ஆளுநரைவிட அவளுக்குத்தான் மதிப்பு. என் ரொட்டிக்கடையை ஒட்டிய ஷட்டர் அவளுடையது. அந்தப் பக்கத்திலிருந்து நாள் முழுக்கச் சுத்தியல் சத்தமும் வசவும் கேட்கும். வசவு பெரும்பாலும் கம்ப்ரஸருக்குத்தான்.

தொழிலை அவள் தேடிப்போய்க் கற்றுக்கொள்ளவில்லை. கொழுந்தன் கடை நிறைய ஊரார் ஃபிரிட்ஜுகளைப் போட்டுவிட்டு இத்தாலிக்குக் கம்பி நீட்டிவிட்டான். ஃபிரிட்ஜைக் கொடுத்தவர்கள் வீட்டு வாசலில் நின்று கத்தினார்கள். அவர்கள் வாயை அடைக்க ஒரு பெட்டியைத் திறந்தாள். அது ஓடியது. இரண்டாவதும் ஓடியது. மூன்றாவது வெடித்தது, அதிலிருந்துதான் நிறையக் கற்றுக்கொண்டதாகச் சொல்வாள்.

நாற்பத்து மூன்று வயதில் அவளுக்கு ஒரு ஆசை வந்தது. பேரீச்சம்பழக் குளிர்க்கிடங்குகளில் வேலை செய்ய வேண்டும். அங்கே சான்றிதழ் இல்லாதவரை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். தொழிற்பயிற்சி நிலையத்துக்குப் போனாள்.

"ஒன்பதாவது தேறின சான்று?" என்றார் குமாஸ்தா.

"ஏழாவதோட நின்னுட்டேன். ஆனா பதினாறு வருசமா இதே வேலைதான். என் கையைப் பாருங்க."

"கையை ஒட்டறதுக்குப் படிவத்துல இடமில்லம்மா."

அந்த மாதம்தான் எங்கள் எம்.பி. அயாஷி ஊருக்கு வந்தார். வக்கீல், கல்விக் குழு உறுப்பினர். பந்தல் போட்டு, கட்டாயக் கல்வி பற்றித் தன் கருத்தைச் சொன்னார். பதினாறு வயது வரை ஒவ்வொரு பிள்ளையும் பள்ளியில் இருக்க வேண்டும். அனுப்பாத பெற்றோருக்கு அபராதம், மீறினால் சிறை. புத்தகம் ஏறாத தலைகளைத் தொழிற்பயிற்சிக்கு அனுப்பிவிடலாம். எல்லோரும் கைதட்டினார்கள். பந்தலில் நிழல் இருந்தது, கைதட்ட என்ன கஷ்டம்?

கூட்டம் கலைந்ததும் மப்ரூக்கா அவருடைய உதவியாளனைப் பிடித்துத் தன் கதையைச் சொன்னாள். அவன் தலையை ஆட்டி ஆட்டி எழுதிக்கொண்டான். நானும் பக்கத்தில்தான் நின்றேன். "எங்க வீட்டுக்காரரு ரயிலோட போயிட்டாருன்னா, கடை, பிள்ளைங்க எல்லாத்தையும் நான்தான் பாத்துக்கணும்" என்றாள். அவள் கணவன் லஸ்ஹர் பாஸ்பேட் சரக்கு ரயில் ஓட்டுநர். ரயிலோடு போனால் மறுநாள்தான் வருவான்.

உதவியாளன் வேறு மாதிரி எழுதிக்கொண்டான்.

இரண்டு வாரம் கழித்து அவை நடவடிக்கைகளைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். காப்பிக்கடையில் தேநீர்க் கிளாஸும் கையுமாக உட்கார்ந்திருந்தான் லஸ்ஹர். திரையில் அயாஷி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என் தொகுதியில் ஒரு சகோதரி. பெயர் மப்ரூக்கா. எழுதப் படிக்கத் தெரியாதவள். ரயில் விபத்தில் கணவனைப் பறிகொடுத்து, ஃபிரிட்ஜ் பழுது பார்த்துப் பிள்ளைகளைக் காப்பாற்றுகிறாள். கட்டாயக் கல்வி இல்லாததன் கொடுமை இது!"

கடையே அவனைத் திரும்பிப் பார்த்தது. "லஸ்ஹர், இறைவன் உனக்குச் சொர்க்கத்தைக் கொடுக்கட்டும்" என்றான் ஒருவன். "அதுக்கு முன்னாடி டீக்குக் காசு குடுத்துட்டுப் போ" என்றான் கடைக்காரன்.

அவனுக்குச் செத்ததுகூடப் பெரிதாகப் படவில்லை. "விபத்தாமே! இருபத்திரண்டு வருசத்துல ஒரு ஆட்டைக்கூட நான் இடிச்சதில்ல!" என்று தெருவெல்லாம் கத்திக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

மறுநாள் தூரத்துத் தோசர் ஊரிலிருந்து அவனுடைய அத்தை ஒப்பாரி வைத்தபடி குஸ்குஸ் சோற்று அண்டாவோடு வந்து இறங்கினாள். கதவைத் திறந்தது லஸ்ஹர். அத்தை அண்டாவைக் கீழே வைத்தாள், நிதானமாக. பிறகு அவனை ஓங்கி ஓர் அறை விட்டாள். "உயிரோட இருக்கறவன் ஒரு போன் பண்ணக்கூடாதா?"

துக்கம் கேட்க வந்தவர்கள் நாலு நாள் வந்தார்கள். பாதிப்பேர் விஷயம் தெரிந்தே வந்தவர்கள்; குஸ்குஸ் நன்றாக இருந்தது. மப்ரூக்கா மட்டும் சிரிக்கவில்லை. "உன்னைக் கொன்னதைக்கூட மன்னிச்சுடுவேன். எனக்கு எழுத்து தெரியாதாம்! ஃபிரெஞ்சுல இருக்கற வயரிங் படம் முழுக்க அந்த எம்.பி.யோட தாத்தாவா படிச்சுச் சொன்னாரு?"

ஐந்தாம் நாள் மூவரும் எம்.பி. அலுவலகத்துக்குப் போனோம். நான் எதற்கு என்று கேட்காதீர்கள். இதைப் பார்க்காமல் கடையில் உட்கார்ந்து மாவு பிசைய எனக்கென்ன பைத்தியமா?

அயாஷி எழுந்து லஸ்ஹரின் கையைக் குலுக்கினார். "சின்னத் தவறு, சகோதரி. ஆனா அவைக்குறிப்புல ஏறிடுச்சு. எடுக்கறது கஷ்டம்."

"அப்போ நான் செத்தது செத்ததுதானா?" என்றான் லஸ்ஹர்.

"உங்க மனைவி பள்ளிக்கூடத்தை விட்டது உண்மைதானே? நான் சொன்னதோட சாரம் உண்மை."

"நான் ஏன் விட்டேன்னு கேட்டீங்களா?" என்றாள் மப்ரூக்கா.

அவர் கேட்கவில்லை. அவளே சொன்னாள். "எங்கப்பா என்னைக் கழுதை மேல ஏத்தி தினமும் ஆறு கிலோமீட்டர் கூட்டிட்டுப் போவாரு. அங்க கக்கூசுக்குக் கதவு கிடையாது. எனக்குப் பதிமூணு வயசு. காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் தண்ணியே குடிக்காம உக்காந்திருப்பேன். ஒருநாள் மயங்கி விழுந்தேன். அதோட சரி. இப்போ சொல்லுங்க, யாருக்கு அபராதம் போடுவீங்க? எங்கப்பாவுக்கா? கழுதைக்கா? பிள்ளைங்களைக் கட்டாயப்படுத்த சட்டம் வெச்சிருக்கீங்க. கதவைக் கட்டாயப்படுத்த என்ன வெச்சிருக்கீங்க?"

உதவியாளன் எழுதுவதை நிறுத்தியிருந்தான். அன்றைக்குத்தான் அவன் எழுதியிருக்க வேண்டும்.

"இன்னொண்ணு. புத்தகம் ஏறாத தலைக்குத் தொழில்னீங்க. குளிர வைக்கற அம்மோனியா வாயுவோட அழுத்தக் கணக்கு தலையில ஏறாத ஒருத்தன் குளிர்க்கிடங்கைத் தொட்டான்னா, உங்க ஆபீஸ் கூரையைத் தோசர்ல போய்ப் பொறுக்கணும்."

அயாஷி மேசை மேலிருந்த பேனாவை எடுத்தார். "என்ன வேணும் உங்களுக்கு?" என்றார். குரலில் மேடை இல்லை.

"இவரை உயிரோட எழுப்புங்க. ஒன்பதாவது சான்றுக்குப் பதிலா எனக்கு ஒரு தேர்வு வைக்கச் சொல்லுங்க. படிக்கறது, கணக்கு, வேலை, எல்லாத்துலயும். தோத்தா வீட்டுக்குப் போறேன்."

அடுத்த கூட்டத்தில் அவர் எழுந்து, சகோதரியின் கணவர் நலமாக இருக்கிறார் என்றார். அவையே சிரித்தது. எதிர்க்கட்சிக்காரர் ஒருவர், மாண்புமிகு உறுப்பினர் இன்னும் யார் யாரை எழுப்பப் போகிறார் என்று கேட்டார். அயாஷி அதைத் தாங்கிக்கொண்டு உட்காராமல் நின்றார். கட்டாயக் கல்வி மசோதாவில் பள்ளிக் கழிப்பறைகள் பற்றி ஒரு வரி சேர்த்தார். நிதி இல்லை என்று யாரோ அதை அடித்துவிட்டார்கள். பெற்றோருக்கு அபராதம் என்ற வரி மட்டும் பத்திரமாக இருந்தது.

தேர்வுக்கான அனுமதிக் கடிதம் வர ஏழு மாதம் ஆனது. மப்ரூக்கா படிப்பதில் தேறினாள், வேலையில் முதலாவதாக வந்தாள், பின்னக் கணக்கில் கவிழ்ந்தாள். இரண்டு நாள் கடை ஷட்டரைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் லஸ்ஹர் பேரீச்சம்பழங்களை மேசையில் பரப்பி, "இதுல எட்டுல மூணு பங்கை எடு" என்று ஆரம்பித்தான். அவன் கேட்ட பங்கையெல்லாம் அவளே தின்றுவிட்டாள். ஆனால் மறுதேர்வில் தேறினாள்.

தொழிற்பயிற்சி நிலையத்தில் இரண்டு வருடம், பதினெட்டு வயசுப் பையன்களோடு ஒரே பெஞ்சு. வரைபடப் பாடம் அவளை உயிரோடு வாட்டியது. ஆசிரியர் ஒருவரோடு வால்வு பற்றிச் சண்டை போட்டு ஒரு வாரம் வகுப்புக்கு வெளியே நின்றாள்; அவர் சொன்னதுதான் சரி என்று பிறகு ஒப்புக்கொண்டாள். அவள் எதையாவது ஒப்புக்கொண்டு நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

நாற்பத்தாறு வயதில் சான்றிதழ் வந்தது. முதல் கிடங்கில் வேலையை முதலாளியின் மருமகனுக்குக் கொடுத்துவிட்டார்கள். இரண்டாவது கிடங்கில் இவளை எடுத்துக்கொண்டார்கள். உள்ளே மைனஸ் பதினெட்டு டிகிரி. ஆகஸ்டு மாதத்து நடுப்பகலில் துணிக்கடைக்குப் போய், தடியான கம்பளிக் கோட்டு வேண்டும் என்றாள். கடைக்காரன் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்க்கலாமா என்று யோசித்தான். அவள் கோட்டைப் போட்டுப் பார்த்து, கையை மேலே தூக்கி, ஸ்பேனர் திருப்புகிற மாதிரி இரண்டு முறை திருப்பினாள். "தோள்ல இறுக்குது. இதைவிடப் பெரிசு எடு" என்றாள்.